குடாநாடுகளைச் சுற்றி வந்தவர்

சென்ற மாதம் ஒரு காலை, சரவணைக் கிராமத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நின்றபோது கைபேசி அடித்தது. நெடுந்தீவுப் படகில் வேலை செய்பவர் பேசினார்.

"மாஸ்டர், கப்பலண்ணை விடியக்காலமை மோசம் போயிட்டார்."

அந்தச் சாவுச் செய்தியைக் கேட்டதும் எனக்குள் முதலில் எழுந்த நினைப்பை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "இனிக் குறிகட்டுவானில் வெளியுலகத்தைப் பற்றி எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள்." அடுத்த கணமே வெட்கப்பட்டேன். ஆனாலும் அதுதான் முதலில் வந்தது.

எல்லோரும் கப்பலண்ணை என்று கூப்பிட்ட அருளம்பலம் அண்ணையை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. புங்குடுதீவில் பிறந்தவர். இருபது ஆண்டுகளுக்கு மேல் சரக்குக் கப்பல்களில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பி, குறிகட்டுவான் இறங்குதுறையில் தேநீர்க்கடை போட்டார். நான் நெடுந்தீவில் புவியியல் படிப்பித்தவன். பதினொரு ஆண்டுகள் தினமும் அந்தத் துறையில் படகுக்குக் காத்திருந்தேன். நெடுந்தீவுக்குப் போகும் அந்த ஒரு மணி நேரக் கடலைத் தவிர வேறு கடலை நான் கடந்ததில்லை. நான் படத்தில் தொட்டுக் காட்டிய கரைகளை அவர் கண்ணால் கண்டிருந்தார். என் வயிற்றெரிச்சலுக்கு அதுவே போதுமாக இருந்தது.

தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக் காலத்தில் படகு தாமதமாகும். ஆசிரியர்களும் நோயாளிகளும் சந்தைக்குப் போய் வருபவர்களும் அவருடைய கடை வாங்குப் பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்போம். அவர் சிந்திய தேநீரில் விரலைத் தோய்த்து மேசையில் இத்தாலியை வரைவார். "இதுதான் சப்பாத்து. இந்தக் குதிக்காலைச் சுத்திறதுக்குள்ளை எங்கடை சமையற்காரனுக்கு மூண்டு தரம் சத்தி, திண்டதெல்லாம் வெளியிலை" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அதே இத்தாலியை நான் வண்ணச் சுண்ணக்கட்டியால் எத்தனையோ முறை அழகாக வரைந்திருக்கிறேன். என் வகுப்பில் ஒருவரும் சிரித்ததில்லை.

ஒருமுறை தவணைப் பரீட்சையில் குடாநாடு என்றால் என்ன என்று கேட்டிருந்தேன். மூன்று பக்கம் நீராலும் ஒரு பக்கம் நிலத்தாலும் சூழப்பட்ட நிலப்பகுதி என்று எழுதிய ஒரு மாணவி, அதன் கீழே, "கப்பலில் போகிறவர்களுக்கு அது நாட்கணக்கில் சுற்றிப் போகவேண்டிய இடம்" என்றும் சேர்த்திருந்தாள். இரண்டாவது வரியைச் சிவப்பு மையால் வெட்டினேன்.

"ஏன் சேர், அது பிழையோ?"

"பாடத்திலை இல்லை."

"கப்பலண்ணை சொன்னவர், சேர்."

அவர் சொன்னது எனக்குத் தெரியும். அதனால்தான் வெட்டினேன்.

இன்னொரு நாள், எங்கள் வேலணைத் தீவிலேயே உள்ள மண்கும்பானிலிருந்து வரும் இளம் ஆசிரியை ஒருவர் என்னிடம் கேட்டார். "மாஸ்டர், யாழ்ப்பாணத்திலையிருந்து வேலணைக்குக் கடலுக்குள்ளாலை றோட்டு வந்திட்டுதுதானே. அப்ப நாங்கள் இருக்கிறது தீவோ, குடாநாடோ?" நல்ல கேள்வி. இயற்கையான நில இணைப்பு, செயற்கையான இணைப்பு என்று நான் விளக்கத் தொடங்கினேன். அவர் முகம் வாடிக்கொண்டே போயிற்று. தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த அண்ணை மெல்லக் குறுக்கிட்டார்.

"பிள்ளை, நான் கிரேக்க நாட்டுக்காரற்றை சின்னக் கப்பல் ஒண்டிலை வேலை செய்தனான். அங்கை ஒரு குடாநாட்டின்ரை கழுத்தை வெட்டி வாய்க்கால் விட்டிருக்கினம். ரெண்டு பக்கமும் சுவர் மாதிரிப் பாறை. கையை நீட்டினால் தொடலாம் போலை கிடக்கும். வெட்டி நூறு வருசத்துக்கு மேலை. ஆனா இண்டைக்கும் அதைக் குடாநாடெண்டுதான் சொல்லுகினம். வெட்டினாப்போலை அது தீவாகேல்லை எண்டால், றோட்டுப் போட்டாப்போலை எங்கடை தீவு குடாநாடாகுமே?"

ஆசிரியை கைதட்டிச் சிரித்தார். அந்தக் கால்வாயை எனக்கும் தெரியும். எத்தனையோ தடவை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். வேண்டிய நேரத்தில் என் வாயில் வரவில்லை. அடுத்த ஒரு கிழமை வீட்டிலிருந்து போத்தலில் தேநீர் கொண்டுபோய் அவருடைய கடைக்கு முன்னாலேயே நின்று குடித்தேன். எட்டாம் நாள், நான் கேட்காமலே அவர் ஒரு வடையைத் தாளில் சுற்றி நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

ஓய்வுபெறும் காலத்தில், உலகின் குடாநாடுகளைப் பற்றி மாணவர்களுக்காக ஒரு புத்தகம் எழுதத் தொடங்கினேன். எழுதியது எனக்கே சுவைக்கவில்லை. வேறு வழியில்லாமல் சனிக்கிழமைகளில் குறிப்புக் கொப்பியுடன் அவரிடம் போனேன். அரபுக் கரையின் வெக்கை, மலாயாக் கரையோரத்து மழை, கொரியாவில் கடல் வற்றி மைல்கணக்கில் சேறு தெரிவது, எல்லாவற்றையும் அள்ளித் தந்தார். புத்தகம் வந்தது. முன்னுரையில் அதிபருக்கு நன்றி சொன்னேன். அச்சகத்தாருக்கும் என் மனைவிக்கும் கனடாவில் இருக்கும் தம்பிக்கும் சொன்னேன். அவருடைய பெயரை எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டது பொய். எழுதி, வெட்டினேன்.

வெளியீட்டு விழாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கடைசி வரிசையில் இருந்தார். இரண்டு நாள் கழித்து என்னைக் கடைக்குக் கூப்பிட்டனுப்பினார். அன்று குறிகட்டுவானுக்குப் போன பேருந்தில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவர் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார்.

"மாஸ்டர், ஒரு பிழை கிடக்கு."

"சொல்லுங்கோ, அண்ணை."

"கொரியாவிலை தண்ணி வத்திறது மேற்குக் கரையிலை. நீர் கிழக்கெண்டு போட்டிட்டீர். கிழக்குப் பக்கம் எங்கடை கடல் மாதிரி, பெரிசா ஏறி இறங்காது. பிள்ளையள் பாடமாக்கப் போகுதுகள். திருத்திப் போடும்."

அவ்வளவுதான். நான் தயங்கித் தயங்கி, "அண்ணை, அந்த முன்னுரையிலை..." என்று தொடங்கினேன். "தேத்தண்ணி ஆறுது மாஸ்டர், குடியும்" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினார். அன்று அவர் கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இந்தப் பெருந்தன்மையும் என்னிடம் இல்லையே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

அவர் இறந்த எட்டாம் நாள் சடங்கு முடிந்தபின், கனடாவிலிருந்து வந்திருந்த அவருடைய மகளிடம் உண்மையைச் சொன்னேன். புத்தகத்தில் நல்ல பக்கங்கள் எல்லாம் அவருடையவை, பெயரை நான்தான் வெட்டினேன் என்றேன்.

"அது அப்பாவுக்குத் தெரியும்தானே" என்றார் அவர். "ஆனா மாஸ்டர், உங்களிலை அவருக்குச் சரியான பொறாமை."

எனக்கு விளங்கவில்லை. அவர் உள்ளே போய், அலுமாரியிலிருந்து என் புத்தகத்தை எடுத்து வந்தார். கடலைப் பற்றிய பக்கங்களில் ஒரு கோடும் இல்லை. ஸ்பெயினின் நடுவிலுள்ள வறண்ட மேட்டுநிலம், அரபு நாட்டின் உட்பாலைவனம், இத்தாலியின் முதுகெலும்பாக ஓடும் மலைத்தொடர், இவற்றைப் பற்றி நான் வேறு நூல்களைப் படித்து எழுதிய பக்கங்களில்தான் வரிக்கு வரி பேனாக் கோடு.

"சாமானை இறக்கி ஏத்தினவுடனை கப்பல் வெளிக்கிட்டிடுமாம். துறைமுக வாசலுக்கு அங்காலை அப்பா போனதே குறைவு. 'நான் சுத்திச் சுத்தி விளிம்பைத்தான் பாத்தனான். மாஸ்டருக்கு நடுவும் தெரியும். என்னாலை அது ஏலாமப் போச்சு' எண்டு போனிலை சொல்லுவார். சில நாள் உங்கடை புத்தகத்தைத் தூக்கி எறிஞ்சுபோட்டு, பிறகு தானே எடுத்துக்கொண்டு வந்து படிப்பாராம்."

அண்ணையை அறிந்தவர்களே, உங்கள் எல்லோரிடமும் அவருடைய கதைகள் இருக்கின்றன. அவற்றை உங்களைப் போல் சிரிக்கச் சிரிக்கச் சொல்ல எனக்கு வராது. நான் வைத்துக்கொள்வது வேறொன்று. அவர் என் புத்தகத்தைத் தூக்கி எறிந்தார். பிறகு குனிந்து எடுத்தார். துறையில் ஒருவருக்கும் அவர் சொல்லாத கதை அது. எனக்கு மட்டுமே கிடைத்தது. இன்றுவரை ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன்.