மழைப் பாவாடையும் கேகாலைப் பயிற்சியும்

புத்தாக்கத் தலைமைத்துவம் என்று கேகாலையில் ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். மதியச் சோற்றுக்குப் பிறகு எல்லாரும் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க, நான் மட்டும் பக்கம் பக்கமாக எழுதினேன். என் அவசரம் அப்படி. இந்த மழைக்காலமும் ரப்பர் பாலெல்லாம் மழைத்தண்ணீரோடு போனால் எங்கள் மேல்மலை ரப்பரை மூடிவிட்டு, பால் வெட்டும் பெண்களைத் தூரத்துத் தோட்டத்துக்கு அனுப்பிவிடுவேன் என்று தோட்டத்து மனேஜர் துரை சொல்லியிருந்தார். அந்த மலைக்கு வெளிக்கள உத்தியோகத்தர் நான். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் இன்னும் கணக்கப்பிள்ளை என்றுதான் சொல்வார்கள்.

மறுநாள் காலை எல்லாரும் கூடி நிற்கும் பெரட்டில், வேலை பிரிக்கும் முன்பே கேட்டேன்.

"பால் நனையாம இருக்க யாருக்காச்சும் யோசனை இருந்தா பயப்படாம சொல்லுங்க."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. பத்து நாள் கேட்டும் அதே கதை. போனில் மழை வருமா என்று பார்ப்பதும் மனைவியிடம் எரிந்து விழுவதுமாக இருந்தேன். இவர்களுக்கு மூளையே கிடையாதா என்றுகூட நினைத்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஒரு நாள் இருப்புக்கொள்ளாமல், மோட்டார் சைக்கிளைக் கீழேயே விட்டுவிட்டுக் குறுக்குப் பாதையில் ஏறினேன். வண்டிச் சத்தம் இல்லாததால், நான் வருவதைப் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் வழக்கமான 'கூ' எழவில்லை. மழை படாமல் இருக்க, பால் வடியும் வெட்டுக்கு மேலே மரத்தைச் சுற்றிக் கட்டும் பொலித்தீனை நாங்கள் பாவாடை என்போம். தார் பூசி நேராக ஒட்ட வேண்டும் என்பது உத்தரவு. ரோட்டுக்குத் தெரியாத உள்வரிசை மரங்களிலோ அது வெட்டின் போக்குக்குச் சாய்ந்திருந்தது. தாருக்குப் பதில் ரப்பர் பாலையே பூசி ஒட்டியிருந்தது. தூறல் விழுந்துகொண்டிருந்தும் பட்டை நனையவில்லை. சிரட்டையில் பால் தண்ணீர் கலக்காமல் கெட்டியாக நின்றது.

"யாரு இப்படிக் கட்டுனது?" சந்தோஷத்தில் என் குரல் உயர்ந்துவிட்டது.

அங்கே பால் வெட்டிக்கொண்டிருந்த அக்கா பதறிப்போய்ப் பாவாடையைப் பிய்க்க ஆரம்பித்தார். ஓடிப்போய் மறித்தேன்.

"போன வருசம் நீங்கதானே ஐயா, தோட்டத்துப் பால மரத்துக்கே பூசுறியான்னு பெரட்டுல எல்லாருக்கும் முன்னால ஏசுனீங்க? கட்டுன அத்தனையும் பிய்க்க வச்சீங்களே."

எனக்கு அது ஞாபகமே இல்லை. எத்தனை பேரை எத்தனை முறை ஏசியிருப்பேனோ.

வெள்ளிக்கிழமை துரை வந்தார். இது இந்த அக்காவின் யோசனை, போன வருடமே செய்தார், நான்தான் கெடுத்தேன் என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். துரை அவரிடம் சிங்களத்தில் விசாரித்தார்.

"இல்லை மாத்தயா, ஐயா சொல்லிக்கொடுத்தபடிதான் கட்டினேன்" என்று என்னைவிட நல்ல சிங்களத்தில் சொன்னார் அக்கா. துரை என் தோளைத் தட்டினார். மலை முழுவதும் இப்படியே கட்டச் சொன்னார். யாரையும் அனுப்பவில்லை.

ஜீப் போனதும் கோபத்தோடு கேட்டேன்.

"ஏன் அக்கா பொய் சொன்னீங்க?"

அவர் வாளியை எடுத்துக்கொண்டார்.

"இன்னைக்கு நல்லா இருக்கு, எம் பேரச் சொல்றீங்க. நாளைக்குப் பெரிய மழையில அவுந்து விழுந்தா யாரு பேரச் சொல்லுவீங்க?"

என் பேரைத்தான் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். நான் யோசித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் அவர் மலையேறிவிட்டார்.