கனடா போகுமுன் இரண்டு அடி

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் இலண்டன் கிளைக்கு நான்தான் செயலாளர். நாட்குறிப்பு எழுதுவது எட்டாம் வகுப்பிலிருந்து எனக்குள்ள நோய். ஆகவே உறுதியாகச் சொல்ல முடியும்: சென்ற பொதுக்கூட்டம் ஒரு சனிக்கிழமை, கோலியர்ஸ் வுட் மண்டபமொன்றில், அறிவித்த நேரத்துக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம் பிந்தித் தொடங்கியது.

பிரதம விருந்தினர் எங்கள் முன்னாள் உப அதிபர். எண்பத்தாறு வயது. வட இலண்டன் எட்மண்டனில் மகளோடு இருந்தவர், அடுத்த வாரம் மகனிடம் கனடா போகிறார். திரும்புகிற எண்ணம் இல்லை. அவர் உள்ளே வந்ததும், பேரப்பிள்ளை கண்ட நாற்பது பேர் எழுந்து "குட் மோர்னிங் சேர்" என்றோம். அப்போது பிற்பகல் நான்கு மணி. அவர் "இருங்கோ" என்னும்வரை ஒருவரும் உட்காரவில்லை, முழங்கால் மாற்று அறுவை செய்த இருவர் உட்பட.

அவர் போகுமுன் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பத்தாம் வகுப்பில், ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் உட்காரும் கதிரையில் காஞ்சோண்டி இலையைத் தேய்த்தது நான். தொட்டால் நாள் முழுக்கச் சொறியும் இலை அது. ஆளைப் பிடிக்க முடியாததால், மறுநாள் வகுப்பு முழுவதற்கும் ஆளுக்கு இரண்டு பிரம்படி. எனக்கு மட்டும் விழவில்லை. இலை பிடித்த கை வீங்கி வீட்டில் கிடந்தேன். காய்ச்சல் என்று கடிதம் கொடுத்தேன். சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. செய்தவனைத்தான் தெரியாது.

உரைகள் முடிந்தன. சொல்வதற்குப் பதில் விளக்கை அணைத்தேன். படம் தொடங்கியது.

"ஒழுக்கத்துக்கு ஆங்கிலேயப் பள்ளிக்கூடங்களைப் பாருங்கோ" என்று ஆயுள் முழுவதும் சொன்னவருக்கு மரியாதையாக, பள்ளிக்கூடத்தில் நடக்கும் பழைய கறுப்பு வெள்ளை ஆங்கில நகைச்சுவைப் படம் ஒன்றைத் தேர்ந்திருந்தேன். வெளிவந்த ஆண்டு, ஓடும் நேரம், தணிக்கைச் சான்றிதழ் எல்லாம் சரிபார்த்தேன். படத்தைத்தான் பாதி பார்த்திருந்தேன்.

மற்றப் பாதியில் மாணவர்கள் தலைமை ஆசிரியரின் காற்சட்டைக்குள் சொறித்தூள் கொட்டினார்கள். பரிசளிப்பு மேடையில், மேயருக்கு முன்னால், மனிதர் மேசைக் காலோடு உரசினார். மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் முன்வரிசை வழுக்கைத் தலை ஒன்றையே பார்த்திருந்தோம்.

விளக்குப் போட்டதும் அந்தத் தலை திரும்பாமலே கேட்டது: "அண்டைக்கு அது ஆரடா?"

எழுந்தேன். "நான்தான் சேர்."

"நான் அடிக்கேக்கை நீ எங்கை நிண்டனீ?"

"வீட்டிலை சேர். கை வீங்கிப் போச்சு."

"காய்ச்சல் எண்டெல்லோ கடிதம் தந்தனீ?"

"ஓம் சேர். பொய்."

"அட நாயே!" என்றார் சங்கத் தலைவர். அந்த வகுப்பில் என் பக்கத்து வாங்கில் உட்கார்ந்தவர். "உன்னாலை நான் ஏழு நாள் கரண்டியாலை சோறு திண்டனான். போடுங்கோ சேர் ரெண்டு!"

"அப்பிடி ஏலாது," என்றார் சேர். "சங்கத்துக்கு ஒரு முறை இருக்கு. பிரேரணை கொண்டுவாங்கோ."

தலைவர் முன்மொழிந்தார். விம்பிள்டனிலிருந்து வந்த பல் வைத்தியர் வழிமொழிந்தார். ஏகமனதாக நிறைவேறியது. வேறெந்தத் தீர்மானத்துக்கும் எங்கள் சங்கத்தில் இப்படி நடந்ததில்லை.

பிரம்பு இல்லை. உயரத்து யன்னலைத் திறக்கிற கோல் இருந்தது. சேர் தூக்கிப் பார்த்தார், தோள் விடவில்லை. கோலைத் தலைவரிடம் நீட்டினார். "நீ போடு. நான் எண்ணுறன்."

எண்ணினார். இரண்டு. பிறகு என் உள்ளங்கையைத் தன் கையில் வாங்கி, கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "வீங்கும்," என்றார். "கடிதம் ஒண்டும் தரவேண்டாம்."

கூட்டக் குறிப்பில் இது 'இதர விடயங்கள்' என்பதன் கீழ் இருக்கிறது. எழுத்துக் கோணல்தான். இடக்கையால் எழுதினேன்.