தும்புக்காவில் நான் எழுதிய இருபது கட்டுரைகள்

நியூசிலாந்தில், ஒக்லாந்தின் கிளென் ஈடனில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளும் நானும் ஒரே ஷிப்டில் பராமரிப்பு வேலை பார்த்தோம். அவள் ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டுக்காரி. அந்த நாட்டின் வடக்கில் பேசப்படும் தும்புக்கா அவளுடைய தாய்மொழி. நாங்கள் ஆங்கிலத்தில்தான் கதைத்துக்கொண்டோம். அவள் பேச்சையும் என் யாழ்ப்பாணத் தமிழில் எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

தேநீர் இடைவேளையில் நாங்கள் போனைத் தடவிக்கொண்டிருக்க, அவள் ஒரு கொப்பியில் எழுதுவாள். யாரும் எழுதலாம், யாரும் படிக்கலாம் என்றிருக்கும் இணையக் கலைக்களஞ்சியத்தில் தும்புக்காவுக்கும் சிறிதாக ஒரு பகுதி இருந்தது. ஒரு சிலர் சம்பளமில்லாமல் அதை வளர்த்தார்கள். அவள் மரவள்ளியைப் பற்றியோ குழந்தைகளின் வயிற்றோட்டத்தைப் பற்றியோ எழுதியதைக் குரலில் பதிந்து, ஊரிலிருந்த தமக்கைக்கு அனுப்புவாள். தமக்கை ஓய்வுபெற்ற ஆசிரியை. "இதை எங்கட ஆக்கள் இப்பிடிச் சொல்லமாட்டினம்" என்று பதில் வரும். மறுபடி எழுதுவாள். தமக்கை சரியென்று சொல்லாமல் ஒரு வரிகூட ஏறாது. ஒரு கட்டுரைக்கு இரண்டு கிழமை போகும்.

எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. "தமிழில எவ்வளவு கட்டுரை கிடக்கெண்டு தெரியுமோ?" என்று அடிக்கடி பீற்றிக்கொள்வேன்.

"அதில நீர் எழுதினது எத்தினை?" என்று ஒருநாள் கேட்டாள்.

நேரமில்லை என்றேன். பேச்சை மாற்ற என் வீரக்கதையை எடுத்துவிட்டேன். எங்கள் தெருமுனையில், டெயரி என்று இங்கே சொல்லும் சில்லறைக் கடையில் ஒருவர், "இலங்கையா? அப்ப சிங்களம்தானே கதைப்பீங்கள்?" என்று கேட்டார், நான் கையிலிருந்த பாலைக் கவுண்டரில் வைத்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் வெளியேறினேன். அவள் கைதட்டினாள்.

அந்த வருடக் கடைசியில் அவள் ஒரு மாத விடுமுறையில் ஊருக்குப் போனாள். எழுதிய கட்டுரைகளுக்குப் படம் சேர்க்கச் சொல்லித் தன் கடவுச்சொல்லை என்னிடம் தந்தாள். "படம் மட்டும் போட்டாக் காணும்" என்றாள்.

படத்தோடு நின்றிருக்கலாம். முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டேன். அவள் திரும்பி வந்து என்னைக் கண்டு வியக்க வேண்டும் என்ற ஆசை. உதவி என்பதெல்லாம் நான் அதற்கு வைத்துக்கொண்ட பெயர். இணையத்து மொழிபெயர்ப்பு இயந்திரத்தின் பட்டியலில் அப்போது தும்புக்கா இல்லை. மலாவியின் பெரிய மொழியான சிச்சேவா இருந்தது. ஒரே நாடு, பக்கத்துப் பக்கத்து மொழி, அப்படியென்ன வித்தியாசம் இருந்துவிடப் போகிறது? ஆங்கிலத்தை உள்ளே போட்டு, சிச்சேவாவில் வந்ததை வெட்டி ஒட்டினேன். ஒரு சனிக்கிழமையில் இருபது கட்டுரை, எல்லாம் அவள் பெயரில்.

கணவர் எட்டிப் பார்த்தார். "உமக்கு அந்தப் பாஷை தெரியுமோ?"

"ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்டுதான்" என்றேன். எவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

அவள் திரும்பி வந்தபோது அவளுடைய கணக்கு பூட்டப்பட்டிருந்தது. மற்ற எழுத்தாளர்கள் ஒவ்வொன்றாக அந்த இருபதையும் நீக்கியிருந்தார்கள். தமக்கையும் படித்திருக்கிறார். ஒரு காலத்தில் சிச்சேவாவைத் தேசிய மொழியாக்கி, தும்புக்காவை வானொலியிலிருந்து எடுத்தார்களாம். தமக்கை வருடக்கணக்காகத் தன் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தன் மொழியில் பாடம் சொல்ல முடியாமல் இருந்தவராம். இதெல்லாம் அவள் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. "நீயுமா?" என்று தமக்கை அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, இனித் தனக்கு எதையும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

யாரோ கடவுச்சொல்லைத் திருடிவிட்டார்கள் என்று அவள் மூன்று நாள் புலம்பினாள். நான் மூன்று நாளும் பக்கத்தில் இருந்து "அப்பிடித்தான் இருக்கும்" என்றேன். நாலாம் நாள், படுக்கை விரிப்புகள் மடிக்கும் அறையில், சிச்சேவா என்று தெரிந்துகொண்டே ஒட்டியது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

அவள் மடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "பாலை வச்சிட்டு வந்தனான் எண்டு சொன்னனீர். எனக்கு அந்தக் கதை நல்லாப் பிடிச்சிருந்தது" என்றாள்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்திருந்தது. வந்தும் தெரியவில்லை.

அன்று இடைவேளையில் அவள் மற்ற எழுத்தாளர்களுக்கு, பூட்டிய கணக்கிலும் எழுத விட்டிருந்த பேச்சுப் பக்கத்தில், தும்புக்காவில் இரண்டு வரி எழுதினாள். குரலில் பதியவில்லை, அனுப்பவும் ஆளில்லை. என்ன எழுதினாய் என்று கேட்டேன்.

"என்ர சிநேகிதி ஒருத்தி தெரியாமச் செய்திட்டாள் எண்டு."

தமக்கை சரிபார்க்காமல் அவள் ஏற்றிய முதல் வரி அதுதான். அதுவும் எனக்காகச் சொன்ன பொய்.