பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகன்

நான் கல்லூரியில் மூன்றாம் வருடம் படித்த அந்த ஜூன் மாதம், கோயம்புத்தூரிலிருந்து ஒருவன் மாறி வந்தான். அவன் அப்பாவுக்கு வங்கியில் உத்தியோகம், திருப்பத்தூருக்கு மாற்றலாகியிருந்தது. ஆறடிக்கு மேல் இருப்பான். முதல் நாள் மாலை கூடைப்பந்து மைதானத்துக்கு வந்து, வளையத்துக்குக் கீழே நின்று, இடது கையால் நாலு பந்து போட்டான். நாலும் உள்ளே விழுந்தன. எங்கள் பி.டி. மாஸ்டர் வாயிலிருந்த விசிலைக் கையில் எடுத்துக்கொண்டு அவனையே பார்த்தார். என் இடம் போய்விட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

ஏனென்றால் வளையத்துக்குக் கீழே ஆடுகிறவன் நான். அதுவரை டீமில் நான்தான் உயரம். ஜவ்வாது மலையில், காவலூருக்கும் அப்பால் ஒரு சிற்றூர் எனக்கு. கல்லூரிக்கு வரும்வரை கூடைப்பந்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. உயரத்தைப் பார்த்து மாஸ்டர்தான் இழுத்துக்கொண்டார். வகுப்பில் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்கள் மைதானத்தில் என்னிடம் பந்தைக் கொடுத்தாக வேண்டும். அந்தத் திமிருக்காகவே இரண்டு வருடம் ஆடினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்டர் முதலில் என்னைப் பக்கவாட்டுக்கு மாற்றிப் பார்த்தார். அங்கிருந்து நான் எறிந்த பந்தெல்லாம் பலகையில் பட்டு வேப்பமரத்தடிக்குப் போனது. ஆகஸ்டில் பட்டியல் ஒட்டினார்கள். ஐந்து பேர் ஆட்டக்காரர்கள். நான் ஆறாவது.

அவன் வந்தபின் டீம் நன்றாகத்தான் ஆடியது. இதைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு மனசு வரவில்லை. ஒருநாள் பயிற்சி முடிந்ததும் அவனாகவே என்னிடம் வந்தான். “என்மேல வருத்தமுங்களா?” என்று கேட்டான். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விடுதிக்கு நடந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பொறாமைதான், வேறொன்றுமில்லை.

இதைவிடப் பெரிய தலைவலி ஒன்று இருந்தது. அந்த வருடம் கல்லூரிகளுக்கிடையேயான போட்டி எங்கள் மைதானத்தில். கோடை விடுமுறையிலேயே அப்பாவை வரச் சொல்லியிருந்தேன். சாமை அறுப்புக்கு முன்னால் வருவதாகச் சொல்லியிருந்தார். வர வேண்டாம் என்று ஒரு கார்டு போட்டிருக்கலாம். காரணம் எழுத வேண்டுமே, அந்த வெட்கத்தில் போடவில்லை.

வந்துவிட்டார். வெளுத்த வேட்டியும் தோளில் கம்பளியுமாக, முன்வரிசையில் ஒரு வாத்தியார் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். ஆட்டம் ஆரம்பமானது. எங்கள் ஐந்து பேர் ஓடினார்கள். நான் மாஸ்டருக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் முகத்தைப் பார்க்கவே கூசியது. கடைசியில் பார்த்தபோது அந்த முகம் மலர்ந்திருந்தது. பக்கத்திலிருந்த வாத்தியாரிடம் என்னைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. எங்கள் ஊரில் கூட்டம் கூடினால் நாட்டார், அதாவது ஊர்த் தலைவர், கம்பளி விரித்து உட்காருவார். அவர் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைக்கிறவன்தான் மதிப்புள்ளவன். மற்றவர்கள் நிற்பார்கள், இளவட்டங்கள் சொன்ன வேலைக்கு ஓடுவார்கள். அப்பா என்றைக்கும் நின்றவர். அவர் மகன் இன்று உட்கார்ந்திருந்தான்.

ஆட்டம் முடிய எட்டு நிமிடம் இருக்கையில் கோயம்புத்தூர்க்காரனுக்கு ஐந்தாவது ஃபவுல். இனி அவன் ஆடக்கூடாது. மாஸ்டர் என் முதுகில் தட்டி, “எழுந்திரு, உள்ள போ” என்றார். மூன்று மாதமாக நான் ஏங்கிய வார்த்தை அது. அவன் வந்து என் இடத்தில் உட்கார்ந்தான். திரும்பிப் பார்த்தேன். அப்பா முகம் செத்துப்போயிருந்தது.

இரண்டு பாயிண்டில் தோற்றோம். நான் வேர்வை வழிய வெளியே வந்ததும் அப்பா நேரே வந்தார். என் பையை எடுத்துக் கொடுக்க அவனும் பின்னாலேயே வந்து நின்றான்.

“இன்னாடா தப்பு பண்ண? ஏன் உன்ன எழுப்பி உட்டாரு?” அப்பா குரலைத் தாழ்த்திக் கேட்டார். “அவ்ளோ பேரு எதிர்ல.”

உட்கார்ந்திருந்ததுதான் அவமானம், எழுந்ததுதான் பெருமை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அவர் சந்தோஷப்பட்ட அரைமணி நேரமும் அவமானமாகிவிடும். என்னால் முடியவில்லை.

“தப்பு ஒண்ணும் இல்லப்பா. இவனுக்குக் காலு நோவு. அதான் நானே எழுந்து இவன குந்த வெச்சேன்.”

அப்பா அவனைப் பார்த்தார். அவன் என்னைப் பார்த்தான். அவன் சிரித்துவிட்டால் என் கதை முடிந்தது.

“ஆமாங்கய்யா” என்றான். “என்னால நிக்கவே முடியலைங்க. கேக்காமயே எந்திரிச்சுக் குடுத்தாருங்க உங்க பையன்.”

சொன்னதோடு நிற்கவில்லை. அப்பாவைப் பேருந்து நிலையத்தில் ஏற்றிவிடும்வரை கூடவே வந்தான், வலது காலை நொண்டிக்கொண்டே. அதற்குப் பதில் அவன் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.