கம்ப்யூட்டர் பொய் சொல்லாதாம்

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று எவனாவது ஆரம்பித்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்திய காலத்தில் ஆசைப்பட்டு ஒரு ஆட்டோமேட்டிக் கார் வாங்கித் தொலைத்தேன். ஓட்டியவர் மடத்துக்குளத்துக்காரர், என்னைவிட மூத்தவர். பொங்கலூர் தாண்டி ஒரு வேகத்தடையில், "ஏனுங்க, வண்டி நிக்க மாட்டேங்குதுங்க!" என்று அலறினார். எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்க, வண்டி போய்ப் புளியமரத்தில் மோதியது. அவருக்கு முன்பல் போயிற்று. பக்கத்து சீட்டில் இருந்த எனக்குக் கீறல்கூட இல்லை.

சர்வீஸ் சென்டரில் சென்னைக்கார இன்ஜினியர் ஒருவர் வண்டியில் லேப்டாப்பைச் சொருகினார்.

"ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சிருக்கீங்கன்னு சிஸ்டம் காட்டுது."

"ஆமாங்க," என்றார் டிரைவர்.

"பிரேக்குன்னு நெனச்சு மாத்தி மிதிச்சிட்டீங்க."

"ஆமாங்க. ஆனா நா பிரேக்கத்தானுங்க மிதிச்சேன்."

முதல் வார்த்தையோடு இன்ஜினியரின் காது அடைத்துக்கொண்டது. 'டிரைவர் தவறை ஒப்புக்கொண்டார்' என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டார். எங்கள் பக்கத்தில் சண்டைக்கு வந்தவனுக்கும் ஓர் ஆமாங்க போட்டுவிட்டுத்தான் மறுத்துப் பேசுவோம். நீங்கள் சொல்வது காதில் விழுகிறது என்பதற்குமேல் அதற்கு அர்த்தமே கிடையாது. லேப்டாப்புக்குத்தான் அது தெரியாது, மனுஷனுக்குமா?

பெடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கேபிளே இல்லை, எல்லாம் கம்ப்யூட்டர்தான் என்று பீற்றித்தான் எனக்கு வண்டியை விற்றார்கள். இப்போது தப்பு செய்ததாகச் சந்தேகப்பட வேண்டிய அதே கம்ப்யூட்டர் சாட்சி சொல்கிறது.

"உள்ள இருக்கற புரோகிராமே தப்பா இருந்தா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் கம்பெனி ரகசியம் சார். ஒத்துக்கலேன்னா ஹெட் ஆபீஸ் விசாரணைக்குப் போகும், மாசக்கணக்கா வண்டி இங்கேயே நிக்கும். இந்த ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்டா இன்னிக்கே வேலையை ஆரம்பிச்சிடலாம்."

அடுத்த வாரம் பனியன் வாங்க வெளிநாட்டு பையர் வருவதாக இருந்தது, அவரை அழைத்துவர வண்டி வேண்டும். போட்டேன்.

வாசலில் டிரைவர் என்னை நிறுத்தினார். உதடு வீங்கியிருந்தது.

"இந்தக் காயிதத்த வெச்சுட்டு எனக்கு இனி எவனுங்க வண்டி குடுப்பான்? எங் காலு எதுல இருந்துச்சுன்னு நீங்க பாத்தீங்கதானுங்க?"

பார்த்தேன். அவர் அலறியதும் குனிந்து பார்த்தேன். பிரேக்கின் மேல்தான் இருந்தது, இரண்டு காலும்.

"ஆட்டோ புடிங்கண்ணா, நேரமாச்சு," என்றேன்.