டாப்புக்கு முன்னாடி முப்பத்தாறு டிகிரி

1. வாசிக்கத் தெரிந்தவள்

சின்னவர் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கூட்டரை நிறுத்தியதும் கேட்டது என்னைத்தான்.

"இங்கிலீஷ் படிக்கிற புள்ள ஒண்ணு இங்க ஸ்டோர்ல இருக்குதாமா, எங்கீங்க?"

கொழிஞ்சாம்பாறையில் அந்த ஒர்க்‌ஷாப்பில் நான் சேர்ந்து அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான். மலையாளப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டிவிஷனில் படித்து எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். பார்ட்ஸ் புத்தகத்தில் நம்பர் பார்த்துச் சாமான் வரவழைப்பது என் வேலை. நான் வருவதற்கு முன் ரங்கசாமி மேஸ்திரி தேய்ந்த சாமானைத் துணியில் சுற்றிக்கொண்டு கோயம்புத்தூருக்கு பஸ் ஏறுவார். கடை கடையாகக் காட்டி "இதாட்ட ஒண்ணு" என்று கேட்பார். நான் வந்த பிறகு ஒரு கடுதாசி போட்டால் சாமான் வந்து சேர்ந்தது. அதில் எனக்குப் பெருமை இருந்தது. இப்போதும் இருக்கிறது.

சின்னவர் என்பது வடகரப்பதியில் பெரிய தோட்டம் வைத்திருக்கும் பண்ணாடியின் மகன் சிவராஜ். என் அப்பா அவர்கள் தோட்டத்தில் மாடும் தண்ணீரும் பார்க்கிறார். சின்னவர் எட்டாவதோடு புத்தகத்தை வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தவர். அவரிடம் ஒரு ஹெரால்டு கார் இருந்தது. மெட்ராஸ் பக்கம் பழைய ஏரோட்ரோம் ஓடுபாதையில் நடக்கும் பந்தயத்தில் அதை ஓட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. லண்டனில் இருக்கும் மச்சான் பெட்டிக்குள் வைத்து ஒரு ரேஸ் கேம் ஷாஃப்ட் கொண்டுவந்து கொடுத்திருந்தார். கூடவே நாலு பக்க இங்கிலீஷ் தாள் ஒன்று.

ஒர்க்‌ஷாப்பில் வைத்து மாட்டினால் விஷயம் ஊரெல்லாம் பரவிவிடும் என்று சின்னவர் நினைத்தார். அதனால் வேலையை அவர் தோட்டத்து வீட்டில் வண்டி நிறுத்தும் கொட்டகையில், வண்டிச் சாளையில், செய்வதென்று முடிவானது. மேஸ்திரி கையால் வேலை செய்வார், நான் தாளை வாசித்துச் சொல்வேன். அந்தத் தோட்டத்துக்கு நான் அதுவரை அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகத்தான் போயிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு நாற்காலி போட்டார்கள். தொழுவத்துப் பக்கம் நின்ற அப்பா அதைப் பார்த்தார்.

2. இடிக்குது

கேம் ஷாஃப்ட் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இஞ்சினுக்குள் வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டு அது. அதில் முட்டை வடிவில் மேடுகள் இருக்கும். மேடு உயர்ந்தால் வால்வு அதிகமாகத் திறக்கும், அதிக நேரம் திறந்திருக்கும். காற்றும் பெட்ரோலும் கூடுதலாக உள்ளே போகும். மெதுவாகப் போகையில் வண்டி முரண்டு பிடிக்கும், வேகத்தில் பாயும்.

ஹெரால்டின் பானெட் மொத்தமும் முன்பக்கமாகக் கவிழும். அதனால் வேலைக்கு இடம் தாராளம். முதல் நாள் ரேடியேட்டர், வால்வுகள் உட்கார்ந்திருக்கும் ஹெட், செயின் கவர் எல்லாம் இறங்கின. கேமிலிருந்து வால்வுக்குத் தள்ளும் கம்பிகளான புஷ் ராடுகள் வரிசை மாறக்கூடாது என்று ஓர் அட்டைப் பெட்டியில் எட்டுத் துளை போட்டு நம்பர் எழுதிக் குத்திவைத்தேன். மேஸ்திரி பழைய கேமை முன்பக்கமாக உருவி எடுத்தார், புதியதற்கு எண்ணெய் தடவி உள்ளே விட்டார்.

இரண்டாம் நாள் டைமிங், அதாவது வால்வு எந்த நேரத்தில் திறக்க வேண்டும் என்று பார்த்துப் பொருத்துவது. பழைய கேமில் கம்பெனிக்காரன் போட்ட குறி இருக்கும். பல் சக்கரத்திலும் குறி இருக்கும். "குறிக்குக் குறி வெச்சா வேல முடிஞ்சுது" என்பார் மேஸ்திரி. புதிய கேமில் குறி எதுவும் இல்லை. டிகிரி பார்த்துத்தான் வைக்க வேண்டும் என்று தாள் சொன்னது.

டிகிரி பார்க்கத் தட்டு இல்லை. நான் பிஸ்கட் டின் மூடியில் என் பள்ளிக்கூடக் கோணமானியை வைத்து முந்நூற்று அறுபது டிகிரியும் கோடு கீறினேன். மேஸ்திரி அதை இஞ்சினோடு சுற்றும் கிராங்க் புல்லிச் சக்கரத்தில் மாட்டி, ஒரு கம்பியை வளைத்து முள்ளாக நிறுத்தினார்.

"இனி சொல்லு அம்மிணி."

பிஸ்டன் மேலே வந்து நிற்கும் இடத்தைத் தாள் 'டாப் டெட் சென்டர்' என்றது. மேஸ்திரிக்கு அது டாப்பு. காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வு திறக்கத் தொடங்க வேண்டிய இடம் 'தர்ட்டி சிக்ஸ் டிகிரீஸ் பிஃபோர்' என்று இருந்தது.

"டாப்புக்கு முன்னாடி முப்பத்தாறு டிகிரிங்கண்ணா."

மேஸ்திரி டாப்பில் நிறுத்தினார். அங்கிருந்து ஸ்பானரை முப்பத்தாறு கோடு திருப்பினார். அந்த இடத்தில் கேமை வைத்து, செயினை மாட்டி, போல்ட்டை முறுக்கினார். ஹெட்டை ஏற்றி, வால்வை அமுக்கும் ராக்கரையும் பூட்டிவிட்டு, இஞ்சினைக் கையாலேயே சுற்றிப் பார்த்தார். பாதிச் சுற்றுக்குள் 'டக்' என்று நின்றது. அவர் அதற்குமேல் ஒரு நூல்கூட அழுத்தவில்லை.

ஹெட்டை மறுபடி இறக்கினோம். பிஸ்டன் தலையில் பிறை போல ஒரு பளபளப்பு. வால்வு போய் முட்டியிருக்கிறது.

"மேடு ஒசரமல்லொ, அதான் இடிக்குது" என்றார் சின்னவர். "ரேஸ் வண்டிக்கெல்லாம் பிஸ்டன்ல பள்ளம் வெட்டுவாங்க. நாளைக்கே கோயம்புத்தூர் லேத்துக்கு எடுத்துட்டுப் போறேன்."

மேஸ்திரி பிஸ்டனை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "ஒசரத்துல இடிக்கிறாப்பல தெரியலீங்க. நேரங்கெட்டு இடிக்குதுங்க."

"நேரந்தான் தாள்ல இருக்குதே. அம்மிணி, இன்னொருக்காப் படி."

படித்தேன். அதே சொல்லைச் சொன்னேன். முதல் தடவையைவிட உரக்கச் சொன்னேன்.

"பாருங்க, அது சரியாத்தான் படிக்குது. நீங்கதான் எங்கயோ விட்டுப்போட்டீங்க."

மேஸ்திரி பிஸ்டன்களைக் கழற்றிக் கொடுத்தார். சாயங்காலம், ஊருக்குத் தெரியக்கூடாது என்றிருந்த சின்னவரே கோபத்தில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் பக்கத்துச் சாயாக்கடையில் இருந்த அத்தனை பேர் முன்பும் சொல்லியிருக்கிறார்: "ரங்கசாமி மேஸ்திரிக்கு டிராக்டரும் லாரியுந்தான் ஆவும். என்ற வண்டியக் கோயம்புத்தூருக்கே தாட்டி உடப்போறேன்." கையில் கிளாஸோடு மேஸ்திரியும் அங்கேதான் இருந்திருக்கிறார்.

3. எந்த முன்னாடி?

மறுநாள் காலையில் ஒர்க்‌ஷாப்புக்கு பஸ் ஏறினேன். எனக்கு முன் சீட்டில் கத்தரிக்காய் மூட்டையோடு ஓர் அக்கா. கோயிலுக்கு முன்னாடி நிறுத்தச் சொல்லி கண்டக்டரிடம் சீட்டு வாங்கியிருந்தார். பஸ் மாரியம்மன் கோயில் வாசலில் நின்றது. அந்த அக்கா எழுந்திருக்கவில்லை.

"முன்னாடின்னு சொன்னனல்லொ. எங்க ஊட்டுத் தடம் புளியமரத்துக்கிட்டவே போயிருச்சு. இந்த மூட்டையத் தூக்கிட்டுத் திரும்பி நடக்கோணுமா?"

"கோயிலுக்கு முன்னாடின்னா வாசல்தானுங்கக்கா" என்றார் கண்டக்டர். "கோயில் வர்றதுக்கு மிந்தின்னா அப்படிச் சொல்லோணும். நானென்ன உங்க மனசுக்குள்ளயா டிக்கெட் கிழிக்கறேன்?"

பஸ்ஸே சிரித்தது. நான் மட்டும் மனசுக்குள் அந்தத் தாளைத் திரும்ப விரித்தேன்.

தாளில் இருந்தது 'பிஃபோர்'. பிஸ்டன் டாப்புக்கு வந்து சேர்வதற்குள், இன்னும் முப்பத்தாறு டிகிரி பாக்கி இருக்கும்போதே வால்வு திறக்க வேண்டும். நான் 'முன்னாடி' என்றேன். மேஸ்திரிக்கு 'முன்னாடி' என்றால் சக்கரம் ஓடும் திசை. அவர் டாப்பைத் தாண்டி முப்பத்தாறு போய் நிறுத்தினார். அங்கே ஒரு முப்பத்தாறு, இங்கே ஒரு முப்பத்தாறு, ஆக எழுபத்திரண்டு டிகிரி தள்ளிப் போய்விட்டது. மூடிக்கொண்டிருக்க வேண்டிய, புகையை வெளியே விடும் வால்வு, பிஸ்டன் மேலே வரும்போது வாயைத் திறந்துகொண்டு நின்றால் இடிக்காமல் என்ன செய்யும்?

நான் அங்கேயே இறங்கித் தோட்டத்துக்குத் திரும்பி நடந்தேன். இரண்டு மைல் தூரம். நடக்கும்போது ஒரு நினைப்பு வந்தது. இது யாருக்கும் தெரியாது. பிஸ்டனை வெட்டுவார்கள், மறுபடி இடிக்கும், கேமே சரியில்லை என்பார்கள், மேஸ்திரிக்கு வேலை தெரியாது என்பார்கள். அதில் என் பெயர் எங்கும் வராது. அந்த நினைப்பு வரவில்லை என்று எழுதினால் அது பொய். அரை மைல் தூரம் அது என்னோடு நடந்தது.

தோட்டத்தில் சின்னவர் பிஸ்டன்களைத் துண்டில் சுற்றி ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். அப்பா தண்ணீர் திருப்பிவிட்டு மண்வெட்டியோடு வந்தார்.

"பிஸ்டன வெட்ட வேண்டாங்க."

"ஏன், நீயும் மேஸ்திரி கட்சியா?"

"தப்பு அவரு மேலயும் இல்லீங்க, கேம் மேலயும் இல்லீங்க. நான் சொன்ன வார்த்த தப்புங்க."

அப்பா குரலைத் தாழ்த்தி, "ஏம் புள்ள, இதெல்லாம் இங்க வந்து சொல்லோணுமா?" என்றார். மகள் இங்கிலீஷ் படிப்பதைத் தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தவர் அவர்தான்.

நான் குச்சியால் மண்ணில் ஒரு வட்டம் போட்டேன். டாப்பை மேலே குறித்தேன். சுற்றும் திசைக்கு அம்பு போட்டேன். டாப்புக்கு இந்தப் பக்கம் முப்பத்தாறு, அந்தப் பக்கம் முப்பத்தாறு. சின்னவர் ஸ்கூட்டர் மேல் சாய்ந்து நெடுநேரம் பார்த்தார். எனக்கு நெடுநேரமாகத் தெரிந்தது. பிறகு ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்து துண்டை வெளியே எடுத்தார்.

"போய் மேஸ்திரியக் கூட்டிட்டு வா" என்றார். கொஞ்சம் தயங்கி, "நான் நேத்துச் சாயாக்கடைல பேசிப்போட்டேன்" என்றார்.

4. பார்சல் இல்லீங்க

நான் ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்ந்தபோது மேஸ்திரி லாரி ஒன்றின் அடியில் படுத்திருந்தார். நான் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெளியே வரவில்லை.

"நீ முன்னாடின்ன, நான் முன்னாடி போனேன். முன்னாடி போன்னா பின்னாடியா போவாங்க?"

"அதானுங்கண்ணா. தப்பு என்னுது. வாங்க, மாத்தி வெச்சரலாம்."

"வெக்கலாம். வண்டி ஓடும். அத்தன பேரு முன்னால போன பேரு ஓடி வருமா?" ஸ்பானர் சத்தம் மறுபடி தொடங்கியது. "டிராக்டரும் லாரியுந்தான் எனக்கு ஆவுமாம். லாரி பாத்துட்டிருக்கேன், போ."

அவர் சொன்னது நியாயம். வண்டிச் சாளையில் நான் சொன்னது அந்தச் சாளைக்குள்ளேயே நின்றுவிட்டது.

பக்கத்துச் சாயாக்கடைக்குள் பெண்கள் போக மாட்டார்கள். வாசலில் நின்று வாங்கிப் போவதுதான் வழக்கம். நான் உள்ளே போனேன். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கடைக்காரர் வேலப்பன் நிமிர்ந்து, "எந்தா மோளே, பார்சலா?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"பார்சல் இல்லீங்க. ஒரு சேதி சொல்லோணும்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. நேற்று மேஸ்திரியைப் பற்றி இங்கே ஒரு பேச்சு வந்தது, அந்த வேலையில் தப்பு அவருடையது இல்லை, தாளைப் படித்துச் சொன்ன என்னுடையது என்றேன். முன்னாடிக்கு இரண்டு அர்த்தம் இருப்பதையும், நான் ஒன்றை நினைத்து அவர் மற்றதைக் கேட்டதையும் சொன்னேன்.

மூலையில் இருந்த ஒரு டிரைவர், "அப்ப மேஸ்திரி தமிழ்ல பாஸு, இங்கிலீஷ்லதான் பெயிலா?" என்றார்.

"மேஸ்திரி ரெண்டுலயும் பாஸுங்க. பெயிலானது நான்."

சிரிப்பு எழுந்தது. என்னைப் பார்த்தும் சிரித்தார்கள். அதைத் தாங்கிக்கொண்டு நின்றேன். திரும்பினால் மேஸ்திரி வாசலில், கைத்துணியில் கிரீஸைத் துடைத்தபடி நிற்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியவில்லை. "வேலப்பா, புள்ளைக்கு ஒரு சாயா குடு. குடிச்சுட்டு வடகரப்பதி போகோணும்" என்றார்.

சாயங்காலத்துக்குள் பிஸ்டன்களைத் திரும்ப மாட்டி, கேமை டாப்பு வர முப்பத்தாறு டிகிரி இருக்கும் இடத்தில் வைத்தோம். பிஸ்டன் தலையில் சப்பாத்தி மாவு உருண்டை வைத்து ஹெட்டைப் பூட்டி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, மறுபடி திறந்து பார்த்தோம். வால்வு பதிந்த இடத்திலும் மாவு தடிமனாக மிச்சம் இருந்தது. எதுவும் எதையும் தொடவில்லை. மறுநாள் இஞ்சினைக் கிளப்பினோம். ஆக்ஸிலேட்டரை மிதிக்காத ஐடிலில் அது மூச்சு வாங்குவது போல விட்டு விட்டு அடித்தது. "கெட்டுப் போச்சா?" என்று அப்பா பயந்தார். சின்னவர் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் தொழுவத்து மாடெல்லாம் கயிற்றை இழுத்தன.

சின்னவர் பந்தயத்துக்குப் போனார். ஜெயிக்கவில்லை. இஞ்சின் கடைசிவரை ஓடியது.

ஒரு வாரம் கழித்து வேலந்தாவளத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். புது பம்ப் செட்டோடு வந்த இங்கிலீஷ் தாள் அவர் கையில். "தப்பாப் படிச்சா தப்புன்னு சொல்ற புள்ள இங்கதான இருக்குது?" என்று கேட்டார். இங்கிலீஷ் படிக்கிற புள்ள என்று அவர் கேட்கவில்லை.

ஒர்க்‌ஷாப்புக்கும் ஆபீசுக்கும் புதிதாக வேலைக்கு வரும் தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். நமக்குப் புரிந்ததோடு வாசிப்பு முடிந்துவிடுவதில்லை. புரியாதவர் முன் அதே சொல்லை உரக்கச் சொல்வதில் பயன் இல்லை. அன்றைக்கு அந்தத் தாளை வாசித்துக் காட்டியதும், நான் எழுந்துபோய் மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க நிறுத்துவீங்கண்ணா, காட்டுங்க" என்று கேட்டிருக்க வேண்டும். அவர் ஸ்பானரைத் திருப்பிக் காட்டியிருப்பார். நாற்காலியை விட்டு இறங்க எனக்குத்தான் மனசு வரவில்லை.