ரோசம்மாவின் நாற்பத்திரண்டு ஸ்டோர்கள்

ரோசம்மா எங்கள் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தது 1972 ஜூன் 5, திங்கட்கிழமை. ஈப்போ பிரூஸ்டர் சாலையில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் இருந்த பொறியியல் அலுவலகம் அது. தோட்டங்களுக்கும் புதுக் குடியிருப்புகளுக்கும் பிளான் வரைந்து கொடுப்பது எங்கள் தொழில். எந்தப் பிளானை எந்தத் தேதியில் யார் வரைந்தார், எத்தனை பிரதி வெளியே போயிற்று என்று ரெஜிஸ்டரில் எழுதி வைப்பது என் வேலை. ஆகவே இங்கே நான் சொல்லும் தேதியும் எண்ணிக்கையும் வெறும் நினைவிலிருந்து எடுத்தவை அல்ல.

ரோசம்மா சிலிம் ரிவர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா ஸ்டானிஸ்லாஸ், ரப்பர் பாலை உறைய வைத்து ஷீட் அடித்துப் புகை போடும் இடத்தில் முப்பது வருடம் நின்றவர். ரோசம்மா ட்ரேசராகத்தான் சேர்ந்தார். டிராப்ட்ஸ்மேன் பென்சிலில் வரைந்ததன்மேல் மெல்லிய தாளை விரித்து மையில் படியெடுக்க வேண்டும். அதற்கு மேல் ட்ரேசருக்குப் பேச்சு கிடையாது.

ஆனால் படியெடுக்கிறவருக்குத்தான் சில விஷயங்கள் கண்ணில் படும். எங்களிடம் அப்போது மூன்று டிராப்ட்ஸ்மேன்கள். ரப்பர் மரத்தை ஒருவர் வட்டமாகப் போடுவார், ஒருவர் நட்சத்திரமாகப் போடுவார், மூன்றாமவர் பூ மாதிரி போடுவார். ஒரே தோட்டத்தின் இரண்டு பிளான்களில் ஒரே மரம் இரண்டு விதமாக நிற்கும். கடையில் வாங்கிய, வடிவங்கள் வெட்டியிருந்த பச்சை பிளாஸ்டிக் டெம்ப்ளேட்டில் குளியல் தொட்டி இருந்தது, குந்தி உட்காரும் கக்கூஸ் இல்லை.

ரோசம்மா தானே டெம்ப்ளேட் வெட்ட ஆரம்பித்தார். பத்து காஜா என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த தங்கை ஹில்டா, கழித்துப் போட்ட எக்ஸ்ரே பிலிம்களைக் கேட்டு வாங்கி வந்து கொடுப்பார். ரோசம்மா அவற்றை வெந்நீரில் சோடா போட்டு அலசி, பிளேடால் வடிவத்தை வெட்டி, ஓரத்தில் ஊசியால் பெயரைக் கீறி வைப்பார். ரப்பர் மரத்துக்கு ஒன்று, எண்ணெய்ப் பனைக்கு ஒன்று, கோயிலுக்கு, சூரா என்னும் சிறு தொழுகைக் கூடத்துக்கு, மூடிய சாக்கடைக்கு, திறந்த சாக்கடைக்கு. சரியாக அலசாத ஒரு தகட்டில் யாரோ ஒருவரின் விலா எலும்பு லேசாகத் தெரியும். எண்ணெய்ப் பனைக்கு அதைத்தான் பயன்படுத்தினோம். 1984 முடிவில் அவரிடம் 96 தகடுகள் இருந்தன. வாங்கிப் போகிறவர் தன் பெயரை ஒரு சீட்டில் எழுதிவிட்டுத்தான் தகட்டைத் தொட வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். மூன்று டிராப்ட்ஸ்மேன்களும் முதலில் சிரித்தார்கள், பிறகு எழுதினார்கள்.

1985 அக்டோபரில் ஈயத்தின் விலை விழுந்தது. பேராக் மாநிலம் முழுக்க லம்பங்கள், அதாவது ஈயச் சுரங்கங்கள், மூடின. ரோசம்மாவின் கணவர் ஆம்புரோஸ் லம்பத்து லாரி ஓட்டியவர். அடுத்த வருடம் ஏப்ரலில் அந்த லாரியும் நின்றது. எங்கள் அலுவலகத்தில் பதினொரு பேர் ஆறு பேரானோம். வீட்டில் இப்போது ரோசம்மாவின் வேலை ஒன்றுதான்.

நாங்கள் டௌக்கே என்று கூப்பிடும் முதலாளி ஃபூ, 1987 பிப்ரவரியில் பிளான் வரையும் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப் போட்டார். எல்லாரையும் கூப்பிட்டு, டிசம்பரோடு கையால் படியெடுக்கும் வேலை முடிந்தது என்றார். கம்ப்யூட்டருக்கு ஒரு சிம்பல் லைப்ரரி வேண்டும், கதவு, மரம், சாக்கடை என்று எல்லா வடிவமும் ஒருமுறை வரைந்து சேமிக்கப்பட்டிருந்தால், பெயரைத் தட்டினால் பிளானில் வந்து உட்காரும். ரோசம்மாவின் தகடுகளை அதில் ஏற்றலாம். அது நன்றாக நடந்தால் ஜனவரியில் அவருக்கு அங்கே நாற்காலி உண்டு. நடக்காவிட்டால் கோலாலம்பூர் ஏஜென்ட் ஒருவர் எட்டு டிஸ்கில் ஆயத்தமான லைப்ரரி விற்கிறார், அதை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஃபூ நல்ல மனிதர். எதையும் மறைக்க மாட்டார்.

ரோசம்மாவுக்கு அப்போது வயது முப்பத்தைந்து. டைப் அடித்ததே இல்லை. இரண்டு விரலால் தட்டித் தட்டி, வாரத்துக்கு நான்கு வடிவம் ஏற்றினார். ஒவ்வொரு வடிவத்துக்கும் அதைப் பிடித்துத் தூக்கி வைக்கும் புள்ளி ஒன்று வேண்டும். கதவுக்கு அது கீல் இருக்கும் மூலை, மரத்துக்கு நடுப்புள்ளி. அந்தப் புள்ளிக்குக் ‘காம்பு’ என்று பெயர் வைத்தார். கொஞ்ச நாளில் ஃபூவும் ‘காம்பு’ என்றே சொல்ல ஆரம்பித்தார். பெயர்கள் எட்டு ஆங்கில எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்பது கம்ப்யூட்டரின் கட்டளை. அக்டோபர் கடைசியில் 118 வடிவங்கள் இருந்தன.

நவம்பர் 9ஆம் தேதி பத்து காஜா பக்கத்தில் ஒரு பழைய தோட்டத்துத் தொழிலாளர்களுக்காக நாற்பத்திரண்டு வீடுகள் கட்டும் பிளான் அனுமதிக்காக அரசாங்க அலுவலகத்துக்குப் போயிற்று. வரைந்தவர் லூயிஸ். ஈப்போ டவுனிலேயே பிறந்து வளர்ந்த டிராப்ட்ஸ்மேன், ரோசம்மாவுக்கு ஐந்து வயது இளையவர், வாய் ஓயாதவர். ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் தட்டுமுட்டுச் சாமான் வைக்க ஒரு சின்ன அறை. லூயிஸ் லைப்ரரியில் STORE என்று தட்டினார். சிறு சதுரம் ஒன்று வந்தது. நாற்பத்திரண்டு முறை வைத்தார். அந்தச் சதுரத்தின் தலையில் இரண்டு சிறு புள்ளிகள் இருந்ததைச் சின்னத் திரையில் அவர் கவனிக்கவில்லை. தாளின் மூலையில் எந்த வடிவம் எதைக் குறிக்கிறது என்று, லைப்ரரியோடு ரோசம்மா ஏற்றி வைத்த மலாய் அட்டவணை இருக்கும். அதையும் யாரும் படிக்கவில்லை. ரெஜிஸ்டரில் எழுதி உறையில் போட்டவன் நான். நானும் படிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, 23ஆம் தேதி, பிளான் திரும்பி வந்தது. கூடவே மரியாதையான ஒரு கடிதம். நாற்பத்திரண்டு வீடுகளுக்கும் பின்னால் ஆளுக்கொரு ரப்பர் தொழிற்சாலை, புகைக்கூண்டோடு, கட்டப்போவதாகப் பிளான் சொல்கிறது, இது உண்மைதானா என்று கேட்டிருந்தார்கள்.

லூயிஸ் கடிதத்தைப் படித்துவிட்டு நேராக ரோசம்மாவின் மேசைக்குப் போனார்.

“ரோசக்கா, உங்க ஸ்டோர்ல புகை வருதாம்லா. கவர்மென்ட்ல கேக்குறாங்க.”

“ஸ்டோர்னா புகை வராம என்ன வரும்?”

“வெளக்கமாறு வைக்கிற எடத்துல ஏங்க்கா புகை வருது?”

ரோசம்மா கடிதத்தை வாங்கிப் பார்த்தார். “எங்க எஸ்டேட்ல வெளக்கமாறு வைக்க யாரும் ஸ்டோர் கட்டுனதில்ல. கதவு மூலையில சாத்தி வைப்போம்” என்றார். சொல்லி முடிப்பதற்குள் முகம் மாறிவிட்டது. அவருக்கு விளங்கிவிட்டது. தோட்டத்தில் ஸ்டோர் என்றால் பாலை ஷீட்டாக்கிப் புகை போடும் தொழிற்சாலை. அப்பா காலையில் ஸ்டோருக்குப் போவார், மாலையில் ஸ்டோர் வாடையோடு வருவார். அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. லூயிஸோ தன் வாழ்நாளில் ஒரு தோட்டத்துக்குள் கால் வைத்ததில்லை.

ஃபூ கோபப்படவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. பெயரை நம்ப முடியாத லைப்ரரி தனக்கு வேண்டாம், வெள்ளிக்கிழமை ஏஜென்ட் டிஸ்கோடு வருகிறார் என்று மட்டும் சொன்னார். ரோசம்மா நின்றபடியே, வடிவத்தில் தப்பில்லை, பெயரில்தான் தப்பு, வெள்ளிக்கிழமை வரை தனக்கும் நேரம் கொடுங்கள் என்று மலாயில் கேட்டார். ஃபூ தலையை ஆட்டினார். சம்மதமா, வேறு எதையோ யோசித்தாரா என்று தெரியவில்லை.

ரோசம்மா கம்ப்யூட்டரின் முன்னால் போய் உட்காருவார் என்று நினைத்தேன். மாறாக, 118 பெயர்களையும் தாளில் வரிசையாக எழுதினார். பக்கத்தில் வெற்றுக் கட்டம் போட்டார். தாளைக் கொண்டுபோய் லூயிஸ் மேசையில் வைத்தார்.

“பேர மட்டும் படி. என்ன வரும்னு நெனைக்கிறியோ அத வரஞ்சு காட்டு. கம்ப்யூட்டர தொடக் கூடாது.”

“பரீட்சையாக்கா? நான் பெயிலாயிட்டா?”

“நீ பெயிலானா நான்தான் பெயிலு. ஒழுங்கா வரை.”

லூயிஸ் ஒன்றே கால் மணி நேரம் வரைந்தார். LINE என்ற பெயருக்கு நேராக ஒரு கோடு போட்டார். ரோசம்மாவுக்கு அது தொழிலாளர் வசிக்கும் லயன் வீட்டு வரிசை. PAL என்பதற்கு ஒரு பல் வரைந்தார், வேரோடு. அது பால் தொட்டி. AYAH என்பதற்கு மீசை வைத்த ஓர் ஆள். மலாயில் அது அப்பா. ரோசம்மா எழுதியது தோட்டத்தில் குழந்தைகளை விட்டுப் போகும் ஆயாக் கொட்டகை. மீசையைப் பார்த்து எல்லாரும் சிரித்தோம். ரோசம்மாவும் சிரித்தார். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்துத் திருத்த உட்கார்ந்தார். 37 தப்பு. அதில் 31 தோட்டத்துப் பெயர்கள்.

“பாத்தீங்களாண்ணே,” என்றார் என்னிடம். “வடிவமெல்லாம் ஆபீசுக்கு வரஞ்சிருக்கேன். பேரு மட்டும் எனக்கே வச்சுக்கிட்டேன்.”

அடுத்த மூன்று நாளும் அவர் செய்ததை நான் கிட்டத்தில் இருந்து பார்த்தேன். தப்பான பெயர்களுக்கெல்லாம் மலாய்ச் சொல் தேடினார், ஏனென்றால் அலுவலகத்தில் சீனர், தமிழர், மலாய்க்காரர் மூவருக்கும் பொதுவாக இருந்தது அதுதான். தொழிற்சாலை KILANG ஆயிற்று. லைப்ரரியில் வேறு பெயரில் இருந்த தட்டுமுட்டு அறைக்கு STOR என்று வைக்க அவருக்கு மனமே வரவில்லை. லூயிஸ் அதைப் பார்த்து உடனே சரியாக வரைந்ததால் வைத்தார். பழைய பெயர்களை அழிப்பதற்குமுன், அவை எந்தெந்தப் பிளானில் ஏற்கெனவே போயிருக்கின்றன என்று தெரிய வேண்டும் என்றார். ரெஜிஸ்டரிலிருந்து 23 பிளான்களின் பட்டியல் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தார். STORE தப்பாக உட்கார்ந்திருந்தது அந்த ஒரு பிளானில் மட்டும்தான். நாற்பத்திரண்டு தொழிற்சாலைகளையும் அவரே எடுத்துவிட்டு, அறைகளை வைத்தார்.

பிறகு ஒரு புத்தகம் செய்தார். பக்கத்துக்கு நான்கு வடிவம், பெரிதாக அச்செடுத்து, கீழே பெயர், மூன்று மொழியில் பொருள், காம்பு இருக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி. லைப்ரரியின் மூல டிஸ்க் ஒன்றுதான் இருக்கும், அதன் ஓரத்து வெட்டை நாடாவால் ஒட்டிவிட்டால் யாரும் மாற்றி எழுத முடியாது, மற்றவர்களுக்குப் பிரதிதான் என்று சட்டம் வைத்தார். லூயிஸ் தன் பிரதியில் சொந்தமாக நான்கு வடிவம் ஒளித்து வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. இரண்டு நன்றாக இருந்தன. ரோசம்மா அவற்றைச் சேர்த்துக்கொண்டு, மிச்சம் இரண்டையும் லூயிஸ் கண் முன்னாலேயே அழித்தார். அதே நாளில், ஒரே சாக்கடை இரண்டு பெயரில் இருந்ததையும், அது போல இன்னொன்றையும் கண்டுபிடித்து நீக்கினார். ஆகவே கணக்கு மறுபடி 118.

வெள்ளிக்கிழமை, நவம்பர் 27. ஏஜென்ட் காலை பத்தரைக்கு வந்தார். டிஸ்குகள் எட்டும் அழகான உறைகளில் இருந்தன. ஃபூ ஒவ்வொன்றாகத் திறந்து காட்டச் சொன்னார். கணப்பு அடுப்பு வந்தது. பனி விழும் நாட்டு ஊசிமரம் ஏழு தினுசில் வந்தது. குந்தி உட்காரும் கக்கூஸ் கேட்டார், இல்லை. ரப்பர் நிரை கேட்டார், ஏஜென்டுக்கு அது என்னவென்று விளக்க வேண்டியிருந்தது. தனியாகச் சொன்னால் ஆறு வாரத்தில் செய்து தருவதாக அவர் சொன்னார்.

ஃபூ அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, ரோசம்மாவின் மேசைக்கு வந்து தானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன்னிடம் இருபது பெயர் கேட்கச் சொன்னார். ரோசம்மா புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு கேட்டார். பதினெட்டு சரி. KOLAM என்றபோது, மலாயில் அதன் பொருள் குளம் என்று ஃபூ சரியாகச் சொல்ல, பின்னாலிருந்து லூயிஸ், “எனக்கு அது வாசல்ல போடுறதுலா” என்றார்.

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

ஃபூ லூயிஸைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இதற்கு என்ன செய்வாய் என்று ரோசம்மாவைக் கேட்டார்.

“எல்லாருக்கும் பொருந்துற பேரு கெடைக்காது, டௌக்கே,” என்றார் ரோசம்மா மலாயில். “அதுக்குத்தான் படம் போட்ட புத்தகம். புதுப் பேரு எது வந்தாலும், அந்தப் பேரு புழங்குற எடத்துல பொறக்காத ஒருத்தர்கிட்ட காட்டிட்டுத்தான் ஏத்துவேன். அத யாராவது எப்பவும் செஞ்சுக்கிட்டே இருக்கணும்.”

ஃபூ புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, தேதி எழுதி, இந்த லைப்ரரியை மாற்ற ரோசம்மா ஒருவருக்கே அதிகாரம் என்று ஒரு வரி சேர்த்தார். யாராவது எப்போதும் செய்ய வேண்டிய வேலை என்றால் ஜனவரியிலும் செய்ய வேண்டும்தானே என்றார். அவ்வளவுதான். ரோசம்மா எழுந்து கழிவறைக்குப் போனார். வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. திரும்பி வந்து, தப்பாய்ப் போன இரண்டு பெயர்களையும் திருத்த உட்கார்ந்தார்.

வீடுகளின் பிளான் டிசம்பர் 29இல் அனுமதி பெற்றது.

1988 ஜனவரி 4ஆம் தேதி ரோசம்மா டிராப்ட்ஸ்மேன் வரிசையில் உட்கார்ந்தார். அன்று காலையே லூயிஸ் ஒரு சீட்டு நீட்டினார். தண்ணீர் இறைக்கும் இயந்திரத்துக்கு ஒரு வடிவம், பெயர் MOTOR. அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் கடிதக் கட்டோடு படியேறி வந்தார். கம்பார் பக்கத்து மலாய்க்காரர். ரோசம்மா சீட்டை அவரிடம் காட்டி, இது என்ன என்று கேட்டார். தபால்காரர் படித்துப் பார்த்தார். தன் வண்டிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, ஜன்னலுக்கு ஓடிக் கீழே எட்டிப் பார்த்தார். அவருடைய மோட்டார் சைக்கிள் நிறுத்திய இடத்திலேயே நின்றது.

ரோசம்மா சீட்டின் குறுக்கே சிவப்பில் ஒரு கோடு போட்டு லூயிஸிடம் திருப்பிக் கொடுத்தார். “வேற பேரு கொண்டா, தம்பி.”

லூயிஸ் முணுமுணுத்துக்கொண்டே பதினைந்து நிமிடம் யோசித்து, மலாயில் பம்ப்பைக் குறிக்கும் PAM என்று எழுதி வந்தார். அது 119ஆவது.